முள் நிற்கும் வரை

அந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள் தம்பி. இல்லை, வேண்டாம். என் மடியிலேயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்லை. ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, ராமாத்தாளின் சீப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டுகள். அடியில் என் போன் இருக்கிறது. அதனால்தான் உங்களைப் பிடிக்கச் சொன்னேன். அப்புறம், முன்பின் தெரியாதவரிடம் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் யாரிடமும் பேர்கூடக் கேட்கிறவன் இல்லை. அறுபத்தேழு வயதாகிறது. இத்தனை வருஷத்தில் மறக்காமல் மனசில் வைத்திருக்கிற பேர் நாலே நாலு. நாலு பேரும் எனக்குக் கெடுதல் செய்தவர்கள். நல்லது செய்தவர்களின் பேரை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும், அவர்களே வந்து ஞாபகப்படுத்திவிட்டுப் போவார்கள்.

மணி என்ன ஆகிறது? பத்தாக ஐந்து நிமிஷமா. சரி.

அந்தச் சுவர்க் கடிகாரம் எனக்குத் தெரியவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. முகம் தெரியவில்லை. எனக்கு ஒரு கண்தான் தம்பி. இடது கண் பதினோரு வயதிலேயே போயிற்று. மஞ்சள் வேகவைக்கிற கொப்பரைப் பக்கத்தில் நின்றிருந்தேன், கொதிநீர் தெறித்தது. மிச்சம் இருக்கிற இந்த வலது கண்ணில்தான் இப்போது புரை. இன்றைக்கு ஆபரேஷன்.

இன்றைக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டேன். நடக்குமா என்பது பதினோரு மணிக்குத்தான் தெரியும். ஒன்பது மணிக்குப் பிரஷர் பார்த்தார்கள், நூற்று எண்பத்திரண்டு. நூற்றைம்பதுக்குள் வந்தால்தான் உள்ளே விடுவார்களாம். "பேசாம கண்ணை மூடி உக்காருங்க, பதினோரு மணிக்கு மறுக்கா பாக்கறேன்" என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனது. ஏற்கனவே இரண்டு தடவை இதே நாற்காலி வரிசையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனவன் நான். டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார். "புரை முத்திப்போச்சுங்க. இன்னமும் தள்ளிப்போட்டா உள்ளே வீங்கிக் கண்ணையே கெடுத்துப்போடும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லீங்க." ஒரு கண் இருக்கிறவனிடம் இப்படிச் சொன்னால் பிரஷர் ஏறாமல் என்ன செய்யும்?

ராமாத்தாள் என் சம்சாரம். இன்சூரன்ஸ் காகிதத்தில் முத்திரை வாங்கக் கீழே போயிருக்கிறாள். போகும்போது பையை என் மடியில் வைத்தாள். "போனை அணைக்கல. மக கூப்புடுவா. கூப்புட்டா மட்டும் எடுங்க. வேற எதுக்காச்சும் எடுத்தீங்கன்னு தெரிஞ்சுது, நான் இப்படியே பஸ் ஏறிப் போயிருவேன்" என்றாள். நாற்பது வருஷமாக என்னோடு இருப்பவள். அவளும் அந்த நாலு பேரில் ஒருத்தி. அதை அப்புறம் சொல்கிறேன்.

மணி என்ன? பத்து அடித்துவிட்டதா. திறந்திருப்பார்கள்.

மஞ்சள் மார்க்கெட்டைச் சொல்கிறேன். மண்டி இல்லை. மண்டியில் மூட்டையைப் பிரித்துக் கொட்டுவார்கள், விரலி மஞ்சளை ஒடித்துப் பார்ப்போம், உடைகிற சத்தத்திலேயே ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இது போனுக்குள் இருக்கிற மார்க்கெட். இங்கே ஒடிக்க ஒன்றும் கிடையாது. ஏப்ரல் மாசத்து மஞ்சளை இப்போதே வாங்கலாம், விற்கலாம். மூட்டை நம் வாசலுக்கே வராது. விலை மட்டும் வந்து போகும். காலை பத்து முதல் சாயந்தரம் ஐந்து வரை.

என்னிடம் இரண்டு லாட் இருக்கிறது, லாட்டுக்கு ஐம்பது குவிண்டால். குவிண்டால் பதினாலாயிரத்து முந்நூற்றைம்பதுக்கு வாங்கினேன். நேற்றுச் சாயந்தரம் மூடும்போது பதினாலாயிரத்து நூற்றிருபது. நூறு ரூபாய் இறங்கினால் எனக்குப் பத்தாயிரம் போகும். பதினாலாயிரத்தில் ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறது. அந்த விலையைத் தொட்டதும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதுவே விற்றுவிடும். போட்டது நான் இல்லை. என் மச்சினன் குழந்தைவேல் உட்கார்ந்து போட வைத்தான். அவன் பேரும் நாலில் ஒன்று.

நான் பதற்றமாக இருக்கிறேனா? இல்லை தம்பி. கால் ஆடுவது பழக்கம்.

நான் முப்பத்தொரு வருஷம் மஞ்சள் மண்டியில் எடை போட்டவன். எழுத்து அவ்வளவாக வராது. எண் வரும். அந்தக் காலத்துத் தராசில் பெரிய முள் இருக்கும். மூட்டையை ஏற்றினதும் முள் ஆடும். ஆடி ஆடி ஒரு இடத்தில் நிற்கும். நிற்கும்வரை கண்ணை எடுக்கக்கூடாது. எடுத்தால் இந்தப் பக்கம் விவசாயி கட்டைவிரலைப் பலகைமேல் ஊன்றுவார், அந்தப் பக்கம் வியாபாரி முழங்காலால் மூட்டையை ஏந்துவார். இரண்டு பேருமே நல்ல மனுஷர்கள்தான். முள்ளை யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால் நல்ல மனுஷனுக்கும் கை அரிக்கும். அதனால் நான் ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன். ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தாலும் பார்ப்பேன். இரண்டு கண்காரர்கள் மண்டியில் ஆறு பேர் இருந்தார்கள். முதலாளி பெரிய லோடு வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்.

ஒரே ஒரு தடவை திரும்பினேன். தொண்ணூறாம் வருஷம், தை மாசம். சுப்பிரமணி என்று மூட்டை தூக்குகிறவன் ஒருத்தன். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து கத்துகிறான். "மாரப்பண்ணே, உனக்குப் பொட்டப்புள்ள பொறந்திருக்குது, ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்திருக்குது." திரும்பினேன். அவ்வளவுதான். அந்த ஒரு மூட்டையில் நாலு கிலோ போய்விட்டது. முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். முள் நின்றபிறகு சொல்லியிருக்கலாம் இல்லையா? பிறந்த குழந்தை எங்கே ஓடிவிடப்போகிறது? நாலில் முதல் பேர் அவன்தான். சுப்பிரமணி செத்து எட்டு வருஷம் ஆகிறது. நான் போகவில்லை.

மகளா? திருப்பூரில் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். இந்த ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் போக மிச்சப் பணம் அவள்தான் அனுப்பினாள்.

இப்போது ஒரு சத்தம் வந்ததே, உங்களுக்குக் கேட்டதா? பை உறுமியது. மடியில் தெரிந்தது. மகள் கூப்பிட்டால் பாட்டு வரும். இது பாட்டு இல்லை. இது செய்தி. கோகிலாவாக இருக்கும்.

கோகிலா நாலாவது பேர். மண்டித் தெருவில் மாடியில் ஒரு ஆபீஸ் இருக்கிறது. அங்கேதான் இந்த ஆன்லைன் வியாபாரம். கோகிலா அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிற பெண். அவளிடம் அப்புறம் வருகிறேன். முதலில் குழந்தைவேல்.

குழந்தைவேல் என் சம்சாரத்தின் தம்பி. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவனும் இதே மஞ்சள்தான் வாங்குகிறான், விற்கிறான். ஆனால் எப்படிச் செய்கிறான் தெரியுமா? சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பான். ஈரத் துண்டோடு வந்து உட்கார்ந்து போனை எடுப்பான். அன்றைக்கு மார்க்கெட் கிடையாது. விடுமுறை. மூடின கடை முன்னால் உட்கார்ந்து விலை பார்க்கிறவன் அவன். கால் மணி நேரம் பார்ப்பான், ஒரு நோட்டில் இரண்டு எண் குறிப்பான், எங்கே விற்க வேண்டும், எங்கே ஸ்டாப் லாஸ் என்று போட்டுவிட்டுப் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவான். அப்புறம் ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்குவான். அடுத்த சனிக்கிழமைதான் மறுபடியும் திறப்பான்.

நான் கேட்டேன். "மாப்ளே, நடுவுல என்ன நடக்குதுன்னு பாக்கவேண்டாமா?"

"எதுக்கு மச்சான்? நான் பாத்தா ஏறுமா?"

"இறங்கிப்போட்டா?"

"இறங்குனா அதுவே வெட்டி விட்டுரும். அதுக்குத்தானே போட்டிருக்குது. இல்லீன்னா நானும் உங்களாட்டப் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கோணும்."

ராமாத்தாள் சிரித்தாள். அக்காளும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சரி, அவன் சொன்னபடியே செய்து பார்ப்போம் என்று செய்தேன். ஒரு லாட் வாங்கி, முந்நூறு ரூபாய் கீழே ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டு, ராமாத்தாளைக் கூட்டிக்கொண்டு பழனிக்குப் போனேன். போன் வீட்டிலேயே இருந்தது. மலையில் சாமி முன்னால் நிற்கிறேன், எனக்கு முள் ஆடுகிறது தம்பி. கண்ணுக்குள் ஆடுகிறது. பஞ்சாமிர்தம் நாக்கில் ஒட்டவில்லை. வந்து பார்த்தால், சரியாக அந்த முந்நூறு ரூபாய் இறங்கி, என்னை விற்றுத் தள்ளிவிட்டு, அன்றைக்கே திரும்பி ஆயிரத்து நூறு ரூபாய் ஏறியிருக்கிறது. நான் பழனியில் இருக்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? குழந்தைவேலுக்குத் தெரியும். நான் அவ்வளவுதான் சொல்வேன்.

அவனிடம் போய் நின்றேன். அவன் நோட்டைப் புரட்டினான். "மச்சான், இதுக்கு முன்னால ஏழு தடவை நான் சொன்னபடி போட்டீங்க. அஞ்சு தடவை லாபம் வந்துச்சு. அதையும் கொஞ்சம் நெனைங்க" என்றான். வந்ததைப் பற்றி யார் கேட்டது? போனதைப் பற்றிக் கேட்டால் வந்ததைச் சொல்கிறான். அன்றைக்கு அவன் பேர் சேர்ந்தது.

மணி என்ன? பத்து இருபதா? உங்கள் அம்மாவுக்கும் இன்றைக்குத்தான் கண் ஆபரேஷன் என்றீர்களே, உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆகிறது? அரை மணியா. பயப்படாதீர்கள், நல்லபடியாக வருவார்கள். அவர்களுக்குப் பிரஷர் இல்லையா? கொடுத்துவைத்தவர்கள். அவர்களிடம் மஞ்சள் இல்லை.

பழனிக்கு அப்புறம் நான் கண்ணை எடுக்கவில்லை. காலை பத்துக்கு உட்கார்ந்தால் ஐந்துக்குத்தான் எழுந்திருப்பேன். சொம்பில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். ஸ்டாப் லாஸ் கிடையாது. எதற்கு? நானே பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு எதற்குக் காவல்? பதினைந்தாயிரத்து எண்ணூறில் இரண்டு லாட் வாங்கினேன். விலை அங்கேயே நின்றது. நான் பார்க்கப் பார்க்க நின்றது. பதினோரு மணிக்கு ராமாத்தாள் கூப்பிட்டாள். "சிலிண்டர் வந்திருக்குது, கொஞ்சம் உள்ள தூக்கி வைங்க." வைத்துவிட்டு வந்தேன். நாலு நிமிஷம் இருக்கும். இருநூறு ரூபாய் இறங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தவரை நின்றுகொண்டிருந்த விலை. அதனால்தான் அவள் பேர்.

அப்புறம் மூன்று நாள். மூன்று நாளும் இறக்கம். நான் இமைக்காமல் பார்த்தேன் தம்பி. கண் எரிந்தது, தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொண்டு பார்த்தேன். அவ்வளவு பார்த்தும் இறங்கியது. மூன்றாம் நாள் கோகிலா போன் செய்தாள்.

"ஐயா, இன்னிக்காவது வித்துருங்க. நீங்க கட்டி வெச்ச முன்பணம் இனிப் பத்தாதுங்க. நேத்தே சொன்னேன், முந்தாநாளும் சொன்னேன்."

"அம்மிணி, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்."

"நீங்க பாக்கறது சரிங்கய்யா. அது உங்களைப் பாக்கலியே."

என்ன பேச்சு பார்த்தீர்களா? இருபத்தைந்து வயதுப் பெண். அரை மணி நேரத்தில் பணம் போதவில்லை என்று என் இரண்டு லாட்டையும் விற்றுவிட்டாள். சட்டம் அப்படியாம். ராமாத்தாள் பேரில் இருந்த வைப்புத்தொகை அத்தோடு தீர்ந்தது. ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். மறுநாள் விலை நூறு ரூபாய் ஏறியது. ஆமாம், அதற்கு அடுத்த நாள் அறுநூறு இறங்கியது. அதைப் பற்றி இப்போது என்ன? அந்த ஒரு நாள் ஏறியதா இல்லையா?

மறுபடியும் உறுமுகிறது. இரண்டாவது செய்தி. கோகிலா இரண்டு தடவை அனுப்பினால் விலை கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம்.

பணம் போனபிறகு ராமாத்தாள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். ஒன்றரை மாசம். கடைசியில் குழந்தைவேல்தான் வந்து பேசினான். "மச்சானை அடியோட விடச் சொன்னா விடமாட்டாருக்கா. ஸ்டாப் லாஸ் போட்டு வெச்சுக்கட்டும். போன் உங்கிட்ட இருக்கட்டும். சனிக்கிழமை மட்டும் பாக்கட்டும்." என் வீட்டில் உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்துக்கொண்டு, எனக்குத் தீர்ப்புச் சொன்னான். ஒத்துக்கொண்டேன். சமையலுக்கு ஆள் வேண்டுமே.

போன தடவை ஆபரேஷனுக்கு வந்தபோது போன் அவள் இடுப்பில் இருந்தது. நான் பாத்ரூம் போவதாகச் சொல்லி கேண்டீன்காரர் போனை வாங்கிக் கோகிலாவிடம் விலை கேட்டேன். கேட்டுவிட்டு வந்தேன், நூற்றுத் தொண்ணூற்றாறு. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்தின தடவை போன் என் கையிலேயே இருந்தது, இருநூற்று நாலு. டாக்டர் மாத்திரையை மாற்றினார். மாத்திரை சரியில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

மணி பத்தரை ஆகியிருக்குமே. ஆகிவிட்டதா.

தம்பி, நான் போனை எடுக்கப்போவதில்லை. ராமாத்தாளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் நான் எடுப்பது வேறு, நீங்கள் எடுப்பது வேறு. உங்களுக்கு அம்மா பற்றிச் சேதி எதுவும் வந்திருக்குமோ என்று உங்கள் போனைப் பார்ப்பதில்லையா, அது மாதிரிதான். மூன்றாவது தடவை உறுமுகிறது, கேளுங்கள். கையை வைத்துப் பாருங்கள் பைமேல். இப்படி உறுமிக்கொண்டிருந்தால் எப்படிப் பிரஷர் குறையும்? என்ன விலை என்று தெரிந்துவிட்டால் மனசு அடங்கிவிடும். தெரியாமல் இருப்பதுதான் ஏற்றுகிறது. என் கண்ணுக்காகத்தான் கேட்கிறேன்.

நல்லது. துண்டுக்கு அடியில் இருக்கும். எடுத்து என்னிடம் கொடுங்கள், என் விரல் வைத்தால்தான் திறக்கும். இதோ. இப்போது பிடியுங்கள். முதலில் செய்தியைப் படியுங்கள். என்னது? ரீசார்ஜா? மூன்றுமேவா? இருபத்தெட்டு நாளைக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறதா. கோகிலா இல்லையா. அவள் ஏன் அனுப்பவில்லை? வேண்டுமென்றே அனுப்பாமல் இருப்பாள்.

சரி, அந்தப் பச்சைக் கட்டத்தை அமுக்குங்கள். திறக்கிறதா? எனக்கு ஏதோ சிவப்பாகத் தெரிகிறது. சிவப்புத்தானா? எண் என்ன?

பதினாலாயிரத்து நாற்பத்தைந்து.

நாற்பத்தைந்து ரூபாய்தான் இருக்கிறது.

கண்ணை எடுக்காதீர்கள் தம்பி. சொல்லிக்கொண்டே இருங்கள். நாற்பது. நாற்பத்தைந்து. திரும்பிவிட்டது பார்த்தீர்களா, நீங்கள் பார்த்ததும் திரும்புகிறது. முப்பது. சத்தமாகச் சொல்லாதீர்கள், சிஸ்டர் மேசை அங்கேதான். முப்பதா, இருபதா? இருபது.

இப்போது ஒரு சின்ன உதவி. கீழே நாலு படம் வரிசையாக இருக்கும். மூன்றாவதை அமுக்குங்கள். என் பேரில் ஒரு ஆர்டர் காத்திருக்கும், பதினாலாயிரம் என்று. இருக்கிறதா? அதை அமுக்கினால் இரண்டு பொத்தான் வரும். ஒன்று மாற்றுவது, ஒன்று ரத்து செய்வது. ரத்து செய்வதை அமுக்குங்கள். அவ்வளவுதான். ஒரு அமுக்கு.

ஏன் கையை எடுக்கிறீர்கள்?

அது என் பணம் தம்பி. உங்களுக்கு என்ன வந்தது? காவல் போய்விட்டால் விலை இறங்கினாலும் நான் உள்ளே இருப்பேன், ஏறும்போது என்னோடது என்னிடம் இருக்கும். பழனியில் போன மாதிரி போகாது. இல்லை, கோகிலா விஷயம் வேறு. அது மூன்று நாள் இறங்கியது. இது இறங்காது. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், தெரியும்.

என் சம்சாரத்திடம் கேட்டுவிட்டு அமுக்குவதா? நீங்கள் யார் பக்கம்?

சரி, நீங்கள் அமுக்க வேண்டாம். கொடுங்கள் இப்படி, நானே அமுக்குகிறேன். எது ரத்து? இடது பக்கமா, வலது பக்கமா? எனக்கு இரண்டு கறை தெரிகிறது, அவ்வளவுதான். மாற்றி அமுக்கினால் என்ன ஆகும்? எனக்கும் தெரியாது. என் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வையுங்கள். நீங்கள் அமுக்கின மாதிரி ஆகாது. விரல் என்னுடையது. பாவம் எதுவும் உங்களுக்கு வராது. ஏன் தம்பி, ஒரு கண் தெரியாத கிழவனின் விரலைப் பிடித்து வைக்கக்கூடாதா? ரோட்டைக் கடக்க வைப்பதில்லையா?

கறை எது, பொத்தான் எது என்றே தெரியவில்லை. என் கண்தான். முப்பத்தொரு வருஷம் முள் பார்த்த கண்.

விலையையாவது சொல்லுங்கள். பதினைந்து. பத்து. எட்டு. இடதா வலதா, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். பன்னிரண்டு. ஏறுகிறது. நான் சொன்னேனே. ஏழு. சொல்லுங்கள் தம்பி, இடதா வலதா. நாலு. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

என்ன ஆயிற்று? அப்புறம் எண் என்ன?

போன் அதிர்ந்தது. இது ரீசார்ஜ் இல்லை. படியுங்கள். இரண்டு லாட் விற்கப்பட்டது. பதின்மூன்றாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து.

முப்பத்தையாயிரத்து ஐந்நூறு போயிற்று.

என் பேரில் இப்போது என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லையா. ஆடுகிறதா ஏதாவது? எதுவும் ஆடவில்லையா.

நின்றுவிட்டது.

கொஞ்சம் அந்தத் தண்ணீர் பாட்டிலை எடுங்கள்.

ஒன்றும் இல்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். இந்த நாற்காலிக்குச் சாய்மானம் இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிகிறது. இரண்டு தடவை வந்திருக்கிறேன், தெரியவில்லை. மேலே ஃபேன் ஓடுகிறதா? ஓடுகிறது போலிருக்கிறது. காற்று வருகிறது.

உங்கள் அம்மாவுக்கு எந்த ஊர்? பவானிப் பக்கமா. நல்ல தண்ணீர் ஊர்.

பத்து ஐம்பதா மணி. சும்மா கேட்டேன்.

விலையை இன்னொரு தடவை பாருங்கள். நமக்கு இனிமேல் அதில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் பாருங்கள். பதின்மூன்றாயிரத்து எண்ணூற்றுப் பத்து. எவ்வளவு நேரத்தில்? பத்து நிமிஷத்திலா? இப்போது? அறுநூற்று நாற்பதா? இன்னும் உள்ளே இருந்திருந்தால் இன்னும் முப்பத்தையாயிரம் போயிருக்கும் என்கிறீர்கள். கணக்கு எனக்கும் தெரியும். நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. நான் வெளியே வந்தபிறகுதான் இவ்வளவு இறங்குகிறது. நான் உள்ளே இருந்தவரை ஐந்து ரூபாய், பத்து ரூபாயாகத்தான் இறங்கியது. யாரும் பார்க்கவில்லை என்றதும் ஓடுகிறது. இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

போனைப் பையில் வையுங்கள். துண்டுக்கு அடியில். பாட்டிலை மேலே வையுங்கள், முன்பு இருந்த மாதிரி.

வாங்க சிஸ்டர். இதோ கை. சட்டையை மேலே ஏற்ற வேண்டுமா. இல்லை, பேசவில்லை, இவர்தான் பேசிக்கொண்டிருந்தார். எவ்வளவு? நூற்று நாற்பத்தாறா? சரியாகப் பாருங்கள். இன்னொரு தடவை காற்றடியுங்கள். நூற்று நாற்பத்து நாலா? இந்த மிஷின் சரியில்லை சிஸ்டர். எண் மட்டும் காட்டுகிற மிஷினை நம்பக்கூடாது. பழைய மிஷின், முள் வைத்தது இருக்குமே, அதில் பாருங்கள். போகலாமா? உள்ளேயா? இன்றைக்கேவா?

ராமாத்தாளா? வந்துவிட்டாயா. ஏன் மூச்சு வாங்குகிறாய், படியிலேயே ஏறினாயா? நூற்று நாற்பத்து நாலாம். ஆமாம், உள்ளே விடுகிறார்கள். ஏன் என் கையைப் பிடிக்கிறாய், நான் நடப்பேன். அழுகிறாயா, என்ன? எனக்கு முகம் தெரியவில்லை, மூக்குச் சத்தம்தான் கேட்கிறது. பையா? பையை யாரும் தொடவில்லை. இவரையே கேட்டுப் பார். கேட்க வேண்டாம், விடு. இவர் சரியான ஆள் இல்லை.

இருங்கள் சிஸ்டர், சக்கர நாற்காலியை ஒரு நிமிஷம் நிறுத்துங்கள்.

தம்பி. வெள்ளைச் சட்டைத் தம்பி. நான் கேட்டேன், நீங்கள் சொல்லவில்லை. இடதா வலதா என்று ஒரே ஒரு வார்த்தை. என் விரலைப் பிடித்து வைத்திருந்தால் நான் இப்போது உள்ளே இருந்திருப்பேன். மார்க்கெட்டுக்குள்ளே. ராமாத்தாள், நீ குறுக்கே பேசாதே. இது எங்களுக்குள். அவரிடம் என்னத்துக்கு நீ கும்பிடு போடுகிறாய்?

உங்கள் பேர் என்ன தம்பி?

சொல்லுங்கள், நான் மறக்கிறவன் இல்லை. ஊர் பவானி, அது தெரிந்துவிட்டது. பேர்தான் வேண்டும். முகத்தை நாளைக்குக் கட்டுப் பிரித்ததும் வந்து பார்த்துக்கொள்கிறேன்.